கருதப்படுகிறது என்று எழுதுகிறவர்கள்

கல்லூரிகளில் ஓர் இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருக்கும். கேன்டீனில் வாய் ஓயாமல் பேசும், பேருந்தில் சீட்டுக்குச் சண்டை போடும். மடிக்கணினியைத் திறந்து 'முன்னுரை' என்று தட்டிய மறுகணம் அதற்கு மனித பாஷை மறந்துபோகும்.

ஆய்வேட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இவர் 'நான் பார்த்தேன்' என்று எழுதமாட்டார். பார்த்தது யார் என்று தெரிந்துவிட்டால் பட்டம் கைநழுவிவிடுமோ என்று பயம். 'ஆய்வாளரால் காணப்பட்டது' என்று எழுதி, யாரோ மூன்றாம் மனிதர் தலையில் பழியைப் போட்டுவிடுவார். 'பல்வேறு' என்று எழுதிய கையோடு 'பல' சேர்ப்பார். எழுவாயை ஒரு பக்கத்தில் விட்டுவிட்டுப் பயனிலையை அடுத்த பக்கத்தில் தேடிப் பிடிப்பார். அதற்குள் பன்மை ஒருமையாகியிருக்கும். மூச்சு முட்டுகிற இடத்தில் 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று உட்கார்ந்துவிடுவார். எதைக் குறிப்பிட்டார்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

என் அக்கா மகள் இந்த இனத்தின் கொழுந்து. அவளுடைய வாய்மொழித் தேர்வுக்குத் துணையாகப் போயிருந்தேன். தேறினால் வேலை, இல்லாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் போச்சு.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இருநூத்தி எண்பது பக்கமும் படிச்சேன். புதுசா ஒண்ணுமே இல்லையேம்மா. திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன்."

அவளுக்கு வந்ததே கோபம்!

"என்ன சார் ஒண்ணுமில்லேங்கறீங்க? மூணு மாசம் ஆஸ்பத்திரில மருந்து குடுக்கற ஜன்னல் பக்கத்துலயே நின்னேன். 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. வெளியே வந்து, தரை துடைக்கிற அம்மாகிட்ட சீட்டை நீட்டி, 'எது காலையில, எது ராத்திரி'ன்னு கேப்பாங்க. தினம் நாப்பது பேர்! அந்தம்மா லீவு போட்ட அன்னிக்கு ஒரு தாத்தா மூணு வேளை மாத்திரையையும் ஒரே வாயில போட்டுக்கிட்டாரு. ஏதோ நல்லவேளை, பிழைச்சாரு."

தேர்வாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது எங்கம்மா இருக்கு?"

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம், சார்."

புரட்டிப் படித்தார்: 'மருந்து உட்கொள்ளல் சார்ந்த பல்வேறு பல தகவல்களானது பணியாளர் அல்லாத பிற பணியாளர்களால் பகிரப்படுவதாகக் கருதப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.'

"இதுவா அது?"

"அதேதான் சார்."

பேசியதை அப்படியே எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு தேர்ச்சி கொடுத்தார். எனக்குப் போன உயிர் வந்தது. அவர் எழுதிய அறிக்கையை எட்டிப் பார்த்தேன்: 'ஆய்வாளரின் நடையானது எளிமைப்படுத்தப்பட வேண்டியதன் அவசியம் வலியுறுத்தப்படுகிறது.'

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் உங்கள் குழந்தை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்துக்கு என்ன எழுதி அனுப்பினீர்கள்? 'தவிர்க்க இயலாத காரணங்களினால்' என்றுதானே? மூன்று நாள் கண் விழித்துவிட்டு வந்த உங்களிடம், "என்ன, டூர் நல்லா இருந்துதா?" என்று மேலதிகாரி கேட்டாரே, அவர்மேல் என்ன தப்பு?