மூன்றாம் இழுப்பறைப் படையெடுப்பு

வாழ்க அந்த வலக்கைச் சுட்டுவிரல்! முப்பத்திரண்டு ஆண்டுகள் தபால் நிலையத்தில், கடிதக் கடலை ஊர்வாரியாகப் பிளந்து பைபையாய்ப் பாய்ச்சிய விரல். உறையைத் தடவியே உள்ளே தாள் எத்தனை, மடிப்பு எத்தனை என்று உரைத்த விரல். ஆயினும் பிறர் கடிதம் ஒன்றையேனும் திறந்து பாராத கற்புடை விரல்! அவ்விரலுக்கு உரியவரும், பல்செட் பூண்ட பெருந்தகையும், சர்க்கரை நோயோடு நாளும் பொருதும் சிங்கமுமாகிய மாமனாரின் வெற்றியை இனி விளம்புவோம்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் மருமகளுக்குத் தொலைவூர்க் கல்லூரியிலிருந்து கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. அவள் போனால் மகனும் போவான். மகன் போனால் மாலைத் தேநீருக்கு எதிர்நாற்காலி காலி. "என்னம்மா கடிதம்?" என்று இரண்டே சொல்லில் கேட்டிருக்கலாம். ஆனால் மாவீரர்கள் திறந்த வாசல் வழியே கோட்டைக்குள் போவதில்லை, சுவரேறித்தான் குதிப்பார்கள்.

எனவே, வீட்டில் ஈ காக்கை இல்லாத நண்பகலில், மூச்சடக்கி, மூங்கிற்காட்டுக்குள் வேழம் புகுந்தாற்போல் மருமகளின் அறைக்குள் புகுந்தார் அண்ணல். முதல் இழுப்பறை முனகிச் சரணடைந்தது. இரண்டாவது, ஊக்கினால் ஒரு குத்துக் குத்திவிட்டே பணிந்தது. மூன்றாவதோ ஈரத்தில் உப்பிய மரம்; மேசைக்காலில் பாதம் ஊன்றி, தேரிழுக்கும் ஆயிரவர் வலிமையைத் தம் இருதோளில் ஏற்றி இழுக்க, இடியென முழங்கித் திறந்து, அவரைக் கட்டிலின்மேல் எறிந்தது.

உள்ளே உறை. ஒட்டாத உறை! 'ஒட்டாததைத் திறப்பது திறப்பதாகாது' என்று தம் நேர்மைக்கு அக்கணமே ஒரு திருத்தச் சட்டம் இயற்றினார். பக்கத்தில் டாஃபி டப்பா. மருத்துவர் விலக்கிய அமுதம்! போர்முகத்து வீரன் பருகும் கள்ளென ஒன்றை வாயிலிட்டு, கடிதத்தை விரித்தார். 'தங்களைப் பணியமர்த்துவதில் மகிழ்கிறோம்' வரை வந்தபோது டாஃபி இளகி, மேற்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் பிரியாத் தம்பதியாய்ப் பிணைத்தது. அந்நேரம் பார்த்து, மறந்துபோன கண்ணாடியை எடுக்க வந்த மருமகள் கதவருகே நின்றாள்.

"மாமா?"

"ம்ம்ம்!" என்று முழங்கினார் மாவீரர்.

அவள் கடிதத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், தாடையில் வழிந்த தேன்நிறத்தைப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல ஸ்னூப்னு ஒரு வார்த்தை இருக்கு மாமா. அடுத்தவங்க விஷயத்தத் துருவுறது. டச்சுக்காரங்ககிட்டேருந்து வந்தது. அவங்க பாஷையில அது, யாருக்கும் தெரியாம மிட்டாய் திங்கிறது. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

"ம்ம்... ம்ம்ம்ம்?" கடிதத்தை நீட்டி, கேள்விக்குறியாய் வளைந்தார் அண்ணல்.

"போறோமா இல்லையான்னா? வேண்டாம்னு எழுதத்தான் இருந்தேன். உங்கள ஒத்தையில விட மனசு வரல." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "போன வாரம் என் கைப்பை. இன்னிக்கு இது. நாளைக்கு எது மாமா?"

பேனாவை எடுத்தாள்.

அந்தோ! பகைவனே இல்லாத போரில் தன் கொடியைத் தானே இறக்கிய தலைவ! வாயடைத்துப்போன உன் வீரத்தை எந்தப் பரணி பாடும், எந்தக் கல்வெட்டு தாங்கும், எந்த முரசு எட்டுத் திக்கும் அறையும்!

ஒன்றாம் தேதி காலையில் சாமான் ஏற்ற லாரி வந்தது.