பங்கருக்குள் ஒரு பொய்ச்சாவு

குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் எனக்குத் தொடை நடுங்கும். அதை எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சண்டிலிப்பாய் ஊரில், பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் அன்று நாறியது நான்தான் என்று யாராவது சொன்னால், இந்த வயதிலும் சண்டைக்கு வருவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மாவோடு பெண் பார்க்கப் போயிருந்தேன். தேத்தண்ணி வந்தது, பெண் வருவதற்குள் பொம்பர் வந்துவிட்டது. எல்லோரும் புகையிலைத் தோட்டத்துப் பங்கருக்கு ஓடினோம். அங்கேயும் மரியாதை!

“மாப்பிளை முதல் இறங்கட்டும்!” என்று வாசலில் நின்று வழிவிட்டார்கள். (உயிர் போகிற நேரத்தில் என்ன உபசாரம்!)

முதலில் இறங்கியவனுக்குக் கிடைத்தது கடைசி மூலை. மழையே காணாத மணல், காய்ந்த ஓலைச் சருகு, அதன்மேல் ஒரு சாக்கு, சாக்கின்மேல் நான்.

மேலே பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே ஒரு நாற்றம் எழுந்தது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

“பயப்பிடாதையும் தம்பி,” என்றார் பெண்ணின் தகப்பன். “உது எல்லாருக்கும் வாறதுதான்.”

வந்த கோபத்தில் பொம்பரே மறந்துபோனது. “ஐயா, நானில்லை!”

பக்கத்திலிருந்தவரின் ரோச் லைற்றைப் பறித்துச் சாக்கைத் தூக்கினேன். புளியங்கொட்டை போல ஒரு கருவண்டு. தலையை மணலில் ஊன்றி, பின்புறத்தைப் பீரங்கி மாதிரி எனக்கு நேரே நிமிர்த்திக்கொண்டு நின்றது.

“பாருங்கோ, உவர்தான்!” என்று பிடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அந்த நொடியே ஆறு காலையும் மடக்கிக்கொண்டு மல்லாந்துவிட்டது. சடலம்.

“அது செத்தெல்லே கிடக்குது,” என்றார் தகப்பன்.

“மணம் தாங்கேலாமல் செத்திருக்கும்,” என்றார் பெண்ணின் மாமா.

அம்மாவும் சிரித்தா. பெற்ற தாய்!

(பிற்பாடு ஆத்திரத்தில் அதன் சாதகம் முழுவதையும் தேடிப் படித்தேன். வறண்ட மண்ணில் சருகு தின்று, தண்ணீர் குடிக்காமலே சீவிக்கிற சாதி. மேல் சிறகுகள் ஒட்டிப்போனதால் பறக்கவும் மாட்டாது. ஆபத்தென்றால் நாற்றம், அதற்கும் மசியாவிட்டால் பொய்ச்சாவு. என் மானம் போனது இப்படிப்பட்ட ஒன்றிடம்!)

பொம்பர் போன பிறகு, சடலத்தைக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழும்படா, எழும்பு! எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒரு கால்கூட அசையவில்லை. இந்தச் சம்பந்தம் சரிவராது என்று எழுந்து முற்றத்துக்கு நடந்தேன்.

வழியனுப்ப வந்த தகப்பன் அம்மாவிடம் சொன்னார்: “பெடியனை எனக்குப் பிடிச்சிருக்கு. உவ்வளவு பயந்தவன் என்ரை பிள்ளையை விட்டிட்டு ஒரு இடமும் போகமாட்டான்.”

கல்யாணமான பிறகுதான் மனைவி வாய் திறந்தாள். “அண்டைக்குக் கோப்பை எடுக்க வந்தனான். நீங்கள் எல்லாரும் முத்தத்துக்குப் போக, அது எழும்பி நடந்து போச்சுது.”

“அப்ப ஏனப்பா சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் ஐயா உங்களை வேண்டாமெண்டிருப்பார்.”

இன்றும் உறவினர் கூடிய இடத்தில் ஏதாவது நாறினால், என் பிள்ளைகள் ஒரே குரலில், “அப்பா, பூச்சியோ?” என்பார்கள். எனக்கிருக்கிற ஒரே சாட்சியைத் திரும்பிப் பார்ப்பேன். அவள் உடனே, அந்த வண்டைப் போலவே, அசையாமல் இருந்துவிடுவாள்.