ஜினேந்திரனின் பூசணத் தொட்டி

"மாசக் கடைசிக்குள்ள தெருவுல சேப்புத் தண்ணி ஓடறது நிக்கலேன்னா பட்டறைக்கு சீல் வெச்சுடுவேன்!" என்று சொல்லிவிட்டு, சானிடரி இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஜினேந்திரன் கலங்கவில்லை. கலங்குவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டுமே! ஓரிக்கைப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன அந்தச் சாயப்பட்டறை ஒன்றுதான் அவருக்குச் சோறு. ஆனாலும் மெட்ராஸ் காலேஜில் ஒரு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவர் என்பதால், ஊரில் மற்ற எல்லோரும் மக்கு என்பது அவர் முடிவு. மக்குகளில் முதல் மக்கு அவர் மனைவி தயாவதி.

அவள் அப்போது கிணற்றடியில், குடத்து வாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் துணியை அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே திரும்ப விட்டாள். துணியில் தங்கிய உயிர்கள் வந்த இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பது ஜைனர் வீட்டு வழக்கம்.

"இன்னும் எந்தக் காலத்துல இருக்கிறே? சயின்ஸ் எங்கியோ போயிக்கினு இருக்குது" என்றார் ஜினேந்திரன். "மெட்ராஸ்ல ஒரு புரொபசர் சொன்னாரு. பூசணத்தைச் சாயத் தண்ணியில உட்டா சாயத்தைத் தின்னுடுமாம். தண்ணி பளிங்காட்டம் ஆயிடும். அப்புறம் பூசணத்தைப் பிழிஞ்சா, தின்ன சாயமும் நமக்கே திரும்பி வந்துடும்!"

"பூசணம்னா அதுக்கு உயிர் இருக்குதாங்க?"

"இல்லாம? உன்னாட்டம், என்னாட்டம் உயிர். பசிக்கும், திங்கும்."

தயாவதியின் முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை. தன் பேச்சைத் தானே ரசிக்கிறவருக்கு அடுத்தவர் முகம் எதற்கு?

கொல்லைத் தொட்டியில் மக்கிய வைக்கோலைப் பரப்பினார். நாலைந்து நாளில் வெள்ளை வெளேரென்று பூசணம் படர்ந்தது. சாயம் போடும் சாமுவேலைக் கூப்பிட்டு, நூல் முக்கிய கழிவுத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அதில் கொட்டச் சொன்னார்.

"ஐயோ, வெந்துடுமேங்க!" என்றாள் தயாவதி.

"உனக்கு இதெல்லாம் புரியாது. தெனம் அதுக்கு வடிகஞ்சி ஊத்து, போதும்" என்று உத்தரவு போட்டுவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் தொட்டித் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. மேலே இருந்த பூசணத்தையும் காணோம். "அடியில போயி வேலை செஞ்சுக்கினு இருக்குது" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

ஆனால் நாளாக ஆகத் தொட்டித் தண்ணீர் உண்மையிலேயே வெளுத்தது. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்தான் சாமுவேல்.

"மொதலாளி, கல்யாணப் பொடவைக்கு அரக்கு கேட்டாங்க. நூலு ரோஸா வருது. நேத்து கரைச்சு ஆற வெச்ச சாயம், அண்டாவுல ஊத்திக் கொதிக்க வெக்கறதுக்கு முன்னாடி பானையிலயே புளிச்ச வாடை அடிக்குது."

"மொதல்ல மூக்கை டாக்டர்கிட்ட காட்டு. சாயத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாக் கரைச்சு ஆற வை!"

அதிகமாகக் கரைத்தும் நூல் இன்னும் வெளுத்தது. சாயம் விற்ற கடைக்காரரைத் திருடன் என்று திட்டி, வேறு கடையில் வாங்கினார். மேலும் வெளுத்தது. ஆனால் தொட்டித் தண்ணீர் குடிக்கலாம் போல இருந்ததால், தயாவதியிடம் கஞ்சியைக் கூட்டி ஊற்றச் சொன்னார்.

மாதக் கடைசியில் கோதண்டபாணி வந்தார். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அசத்திட்டீங்க சார்! ஊர்ல இருக்கிற அத்தனை பட்டறைக்காரனும் இங்க வந்து பாக்கணும். எங்க, அந்தப் பூசணத்தைக் கொஞ்சம் காட்டுங்க?"

ஜினேந்திரன் கம்பை விட்டுக் கிளறினார். வைக்கோல் வந்தது. மறுபடி கிளறினார். மறுபடியும் வைக்கோல்தான்.

அதற்குள் சாமுவேல் நூல் சிட்டத்தோடு ஓடி வந்தான். "மொதலாளி, இன்னிக்கு ரோஸ்கூட வரலே! போட்ட நூலு வெள்ளையாவே வந்துருக்குது. கல்யாண வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கறாங்க!"

"தயாவதி! பூசணம் எங்கே?" என்று கத்தினார் ஜினேந்திரன்.

கஞ்சிச் சொம்போடு அவள் எட்டிப் பார்த்தாள்.

"வெந்துடுமேன்னு அன்னிக்கே அத்தனையும் வாரி, சாயத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சோ அந்த ஆற வெச்ச சாயப் பானையிலயே திரும்பி உட்டுட்டேங்க, நீங்க சொன்னாப்பல தெனம் கஞ்சி ஊத்தறேன், நல்லா வளந்துக்கினு இருக்குது."