நியூயார்க் போடாத ஓட்டு

உள்ளூரில் எது நடந்தாலும் அதற்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி கண்டுபிடித்தால்தான் மூச்சுவிடும் மனிதர்கள் ஓர் இனம். பார்த்திருப்பீர்கள். பேருந்து தாமதம் என்றால் ஜப்பானுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் பேருந்து போயிருக்கும்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் லட்சுமிகாந்தம் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவருக்கு வாய்த்த நாடு அமெரிக்கா.

போன மாதம் வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தல். தெருவுக்கு ஓர் ஓட்டு. அதைப் போட ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். போட்டியிட்ட இருவரில் முனியராஜ்தான் லட்சுமிகாந்தத்தின் தெருவுக்குத் தண்ணீர் வடிய வாறுகால் கட்ட வழி செய்வதாகச் சொல்லியிருந்தார். மழை பெய்தால் சாக்கடை அச்சகங்களுக்குள் புகுந்து, அடித்து அடுக்கிய லேபிள் கட்டெல்லாம் ஊறிப்போகும் தெரு அது.

தேர்தலன்று காலையிலேயே தெருக்காரர்கள் எல்லோரும் லட்சுமிகாந்தத்தின் அச்சகத்தில் கூடினார்கள்.

"நீங்களே போயிட்டு வந்துருங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது" என்றார் காகிதக் கடை செய்யது அபுதாஹிர்.

முடிய விடுவாரா?

"அதெப்படி பாய்? ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ண வேண்டாமா? அமெரிக்காவுல மொத ஜனாதிபதி தேர்தல்ல நியூயார்க் மாகாணம் ஓட்டே போடல, தெரியுமா? அவுக சட்டசபையில ரெண்டு அவை. மாகாணத்துக்காக ஓட்டுப் போடுற ஆளுகளை ரெண்டு அவையும் சேந்து தேர்ந்தெடுக்கணுமா, தனித்தனியாவான்னு சண்டை. நாள் ஓடிப்போச்சு. அம்புட்டுப் பேரும் வாசிங்டனுக்குப் போட, நியூயார்க் மட்டும் வாயைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு! அந்தக் கதி நமக்கு வரலாமா?"

கூடாது என்றார்கள் எல்லோரும். உடனே, அச்சகக்காரர்களும் காகிதக் கடைக்காரர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதா, தனித்தனியாகவா என்று அவரே ஒரு கேள்வியைப் போட்டார். தெருவில் அப்படி இரண்டு கட்சி இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. அப்புறம் தெரிந்துவிட்டது. சீசனில் காகிதம் தராத கோபம், வாசலை மறித்து லோடு இறக்கிய வழக்கு எல்லாம் கிளம்பி, டீக்கு மேல் டீ வந்து, தொண்டை வற்றி, கடைசியில் எல்லோரும் களைத்துப்போய் லட்சுமிகாந்தத்தையே அனுப்பினார்கள்.

பைக்கில் பறந்தார். மதியம் தாண்டி, ஓட்டுப் பெட்டிக்கு அரக்கு வைத்துவிட்டிருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. எண்ணியபோது இருவருக்கும் சமமான ஓட்டு. குலுக்கலில் முனியராஜ் தோற்றார்.

தெருவுக்குத் திரும்பி, காத்திருந்த முகங்களைப் பார்த்ததும் லட்சுமிகாந்தம் பைக்கை ஓரமாக நிறுத்தினார். தலையைக் குனிந்தார். ஒரு நிமிடம்தான். நிமிர்ந்தபோது முகத்தில் தனிக்களை.

"நான் அப்பவே சொன்னேன்ல? அச்சு அசலா நியூயார்க்!"

"அங்கன நியூயார்க் போடாமலே வாசிங்டன் ஜெயிச்சுட்டாரு அண்ணாச்சி" என்றார் அபுதாஹிர். "இங்கன நம்ம ஆளுல்ல தோத்துட்டாக."

அந்த வாரமே மழை. முழங்கால் தண்ணீரில் நின்று லேபிள் கட்டுகளைப் பரணில் ஏற்றினார் லட்சுமிகாந்தம். ஏற்றும்போது, கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தும் முழுகாத ஹாலந்தைப் பற்றிப் பேசினார்.

அவரை விடுங்கள். 'நியூயார்க் மட்டுமா? வட கரோலினாவும் ரோட் ஐலண்டும்கூட அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவில்லையே!' என்று படிக்கும்போதே உங்களுக்கு நாக்குத் துறுதுறுத்ததா? உண்மைதான். அவசியம் சொல்லுங்கள். அதற்குமுன், உங்கள் தெருவில் தேர்தல் என்றைக்கு என்று மட்டும் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.