பால் எந்தப் பக்கம் பொங்கிச்சி?

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நாகையா அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து திருச்செல்வம் எழுதிக்கொள்வது. நானும் மகள் மலர்விழியும் நலம். தாங்களும் தங்கள் மனைவி, தங்கச்சி குமுதாவும் கிள்ளானில் நலமென நம்புகிறேன். தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் அருமைத் தங்கை, அதாவது என் மனைவி இராஜம்மா, எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

மலர் வாங்கியது சாதாரண வீடா மச்சான்? ஆற்றோர ஆடம்பர கொண்டோ, இருபத்தேழாவது மாடி. பிரிக்பீல்ட்ஸ் எப்பேர்ப்பட்ட இடம், ரயில்வே காலத்து ஊர், இறங்கினால் கோயில், திரும்பினால் அப்பக் கடை. விளம்பரத்தில் ஆறு நீலமாக இருந்தது, நேரில் பால் டீ மாதிரி, தே தாரிக் கலரில் ஓடுகிறது. அதனாலென்ன, அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கலரா தெரியப்போவுது? இவ்வளவு நாள் இருந்த செந்தூல் ஃப்ளாட்ல பெல்கனியில நின்னா பக்கத்து வீட்டு ஜட்டிதானே தெரிஞ்சுது. அப்பாவும் அம்மாவும் இனிமே படி ஏறி இறங்கக் கூடாதுன்னு பிள்ளை உழைச்சி வாங்கின வீடு இது.

பால் காய்ச்சுற அன்னைக்கு முட்டி ஆபரேஷனால தாய்மாமன் நீங்களே வர முடியல. உங்க தங்கச்சி சொன்னதை மட்டும் கேட்டிருப்பீங்க, என் பக்கத்தையும் கேளுங்க. அங்க இருக்கிறது கேஸ் அடுப்பு இல்ல, கண்ணாடி மாதிரி கரண்ட் அடுப்பு. பால் பொங்கி வந்து ஒரு சொட்டு அது மேல விழுந்ததும் பீப் பீப்னு கத்திட்டுத் தானா அணைஞ்சிடுது. பாலும் பொசுக்குனு உள்ள போயிடுது. மறுபடி வெச்சோம், மறுபடி பீப். ஐயர் வாட்ச்சைப் பாக்குறாரு, நல்ல நேரம் போய்ட்டே இருக்கு. மலர் பாவம், "ரைஸ் குக்கர்ல வெச்சிப் பாப்பமாம்மா?"ன்னு கேட்டுடுச்சி. "அது உனக்குப் பொங்கும், மகாலட்சுமிக்குப் பொங்குமாடி?"ன்னு உங்க தங்கச்சி ஒரே அதட்டு. அப்புறம் மகராசி பையிலேர்ந்து கரி அடுப்பை எடுத்தா பாருங்க! எனக்கே தெரியாம செந்தூல்லேர்ந்து கொண்டாந்திருக்கா. பெல்கனியில பத்த வெச்சா, பாலை ஏத்துனா, ஆத்துக் காத்து புகையை அப்படியே ஹாலுக்குள்ள தள்ளிடுச்சி.

சைரன் அலற ஆரம்பிச்சதும் லிஃப்டெல்லாம் நின்னுபோச்சி, கட்டடமே திமுதிமுன்னு படியில எறங்குது, ஐயர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு எங்களை விட்டுட்டே ஓடிட்டாரு, பைஜாமா போட்ட சீன முதலாளி, தவுக்கே ஒருத்தர் நாய்க்குட்டியை இடுப்புல வெச்சிக்கிட்டு வழி பூரா என்னை முறைச்சிக்கிட்டே வந்தாரு. மூச்சு வாங்கிக்கிட்டு எல்லாரும் ஆத்தோரமா நிக்கிறோம். நெருப்பு எங்கன்னு பாக்க மேல போன நேப்பாளி காவல்காரன், ஜாகா, சிரிச்சிக்கிட்டே எறங்கி வந்தான். "நெருப்பு இல்ல ஆன்ட்டி, பால்தான் பொங்கி வழிஞ்சிருக்கு, நான் சுத்தமா தொடைச்சிட்டேன்"னு மலாய்ல சொல்றான். பொங்கிடுச்சி மச்சான்! எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சி. உங்க தங்கச்சி கேட்டா பாருங்க ஒரு கேள்வி: "எந்தப் பக்கம் பொங்கிச்சி?"

அவன் திருதிருன்னு முழிச்சான். அப்புறம் கையை வட்டமா ஒரு சுத்து சுத்தி, "எல்லாப் பக்கமும் லா ஆன்ட்டி"ன்னான். தொலைஞ்சுது. கிழக்கே பொங்குனா நல்லது, தெக்கே பொங்கியிருந்தா? தையில மலருக்குக் கல்யாணம், மாப்பிள்ளையோட வாழப்போற வீடு இதுதான். "எந்தப் பக்கம்னே தெரியாத வீட்ல என் பிள்ளை எப்படி வாழும், நான் மிதிக்கவே மாட்டேன்"னு அழுதுக்கிட்டே அங்கேயே கார் பிடிச்சி உங்க வீட்டுக்கு வந்துட்டா. அது அவ பக்கம். இங்க பிள்ளை, வீட்டை வாங்கி அம்மாவைத் தொலைச்சிட்டேன்னு அழுவுது.

ஆகவே மச்சான், நான் தீர விசாரித்துவிட்டேன். பெல்கனித் தரையில் பால் கறை தெளிவாக இருக்கிறது. கிழக்கே, சுத்தக் கிழக்கே. மலரும் கண்ணால் பார்த்தாள். இதை இராஜம்மாவிடம் எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வைக்கவும். நானே வந்து கெஞ்சுவேன் என்று மட்டும் யாரும் கனவு காண வேண்டாம். திருச்செல்வம் மானஸ்தன்.

குமுதாவுக்கு என் ஆசியும், தங்கள் முட்டிக்கு முருகன் அருளும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புக்குரிய மாப்பிள்ளை,
திருச்செல்வம்

பி.கு.: கறை கிழக்கேன்னு எழுதினது பொய் மச்சான். அந்த ஜாகா ஒரு சொட்டு விடாம தொடைச்சிட்டான், மலரும் ஒண்ணும் பாக்கல. என் மூஞ்சியைப் பாத்தா உங்க தங்கச்சி உடனே கண்டுபிடிச்சிடுவா. அவ இல்லாம என்னால அங்க இருக்க முடியல. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்ப்பான்னு மலரே சொல்லிடுச்சி. இதைத் தபால்ல போடல, உங்க வீட்டு லெட்டர் பெட்டியில நானே போட்டுட்டு கேட்டுக்கு வெளியில நிக்கிறேன். மலரும் தலகாணியோட பக்கத்துலதான் நிக்குது. உள்ள வரலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க.