குச்சவெளியில் பதினெட்டு மில்லிமீற்றர்

மழைமானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மழைமானி நிரம்புவதில் தப்பில்லை. ஆனால் அது ஆகஸ்ட் மாதம். குச்சவெளியில் எழுபது நாளாக ஒரு துளி மழை இல்லை. மழையையெல்லாம் மலைநாட்டின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிவந்த கச்சான் காற்று, பள்ளிக்கூட முற்றத்துப் புழுதியைத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

விஞ்ஞான ஆசிரியர் ஹஸ்மி இந்த மழைமானியை எட்டிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எட்டு மாதமாக மழைக் கொப்பியை வகுப்பறை யன்னலால் வானத்தைப் பார்த்தே நிரப்பிவந்தார். வெயில் என்றால் பூச்சியம். முகில் என்றால் நாலோ ஐந்தோ. விஞ்ஞானத்தில் இதற்கு அவதானம் என்று பெயர்.

வியாழக்கிழமை கல்வி அதிகாரி மெல்ரோய் வருகிறார். கொப்பி அவருக்குத் திருப்தியாக இருந்தால், ஹஸ்மியின் கிண்ணியா இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்து விழும். கிண்ணியாவில் மனைவி றிஷானாவும் நாற்பது நாள் குழந்தையும் இருந்தார்கள். விடியுமுன் பஸ் ஏறி இருட்டியபின் வீடு சேரும் ஹஸ்மி, தன் பிள்ளையை விழித்த நிலையில் கண்டதே குறைவு.

திங்கட்கிழமை தண்ணீரைக் கொட்டினார். செவ்வாய் காலை மழைமானியில் பதினெட்டு மில்லிமீற்றர் நின்றது.

“பனி மிஸ்,” என்றார் ஹஸ்மி, அதிபர் சோபனாவிடம். “இரவில நிலம் குளிர, காத்தில இருக்கிற நீராவி ஒடுங்கி...”

“பதினெட்டு மில்லிமீற்றர் பனியோ? அப்ப பிள்ளையள் கம்பளிச் சட்டையோடயெல்லோ வரவேணும், சேர்.”

ஹஸ்மி மழைமானியின் வாயைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டினார். புதன் காலை பொலித்தீன் தொய்ந்து, அதன்மேல் தண்ணீர் நின்றது. அளவுச்சாடியில் ஊற்றி அளந்தார். அதே பதினெட்டு.

மேலிருந்து வந்திருக்கிறது, மேலிருந்து வருவது மழை. முற்றம் சூடாகி, காற்று மேலெழுந்து குளிர்ந்து, பள்ளிக்கூடத்துக்கென்றே ஒரு முகில் திரண்டிருக்கிறது. படித்தவனுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்? கொப்பியில் பூச்சியங்களை அழித்துப் பதினெட்டு என்று எழுதினார்.

“பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கொப்பியில பூச்சியம் கிடந்தா?” என்று கேட்டார் சோபனா. “முகில் எங்கட மதிலுக்குள்ள மட்டும் வந்து போனதெண்டு சொல்லுவீங்களோ?”

பதினெட்டை அழித்துத் திரும்பவும் பூச்சியம் எழுதினார். தாள் பொறுமையிழந்து ஓட்டையானது. ஓட்டையும் ஏறத்தாழப் பூச்சியம் மாதிரித்தான் இருந்தது என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல்.

அன்று பின்னேரம் மழைமானியைப் பிடுங்கி ஆய்வுகூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். விடிய வந்து, அதிகாரி வருமுன் திரும்ப நட்டுவிடுவதாக உத்தேசம். நிலாவெளியில் பஸ் டயருக்குக் காற்றுப் போயிற்று. வந்து சேர்ந்தபோது மெல்ரோய் வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மழைமானி எங்க?”

“அலுமாரிக்குள்ள சேர். பாதுகாப்புக்கு.”

“எதிலயிருந்து? மழையிலயிருந்தோ?”

கொப்பியைப் புரட்டினார். “பூச்சியம், பூச்சியம், ஓட்டை. தம்பி, நான் இதே பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேக்க ஆகஸ்ட்டிலயும் ஒரு நாள் விடாமல் மழை பதிஞ்சனான். அந்தப் பதிவுக்குத்தான் பரிசு தந்து, இந்தப் பதவியும் தந்தவை. நீங்கள் மழையை அளக்கவே இல்லை.”

இடமாற்றக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமலே கோவைக்குள் வைத்து மூடினார்.

ஹஸ்மிக்கு அழுகை முட்டியது. அளக்கவில்லை என்ற பழி உண்மையென்பதால் அது அவ்வளவாக உறைக்கவில்லை. இன்னும் எத்தனை மாதம் பிள்ளையைத் தூக்கத்திலேயே பார்க்க வேண்டுமோ என்பதுதான் உறைத்தது.

அப்போது இருபது வருடமாக அந்த முற்றத்தைக் கூட்டும் ஊழியர் பரீதா, கையில் ஒரு கோப்பையோடு பதறியடித்துக்கொண்டு வந்தார். அதிகாரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“மெல்ரோய் சேர்! நல்லவேளை நீங்களே வந்தீங்க. நீங்க சொல்லித் தந்தமாதிரி ஒவ்வொரு விடியவும் அரைக் கோப்பைத் தண்ணி, ஒருநாளும் பிசகாம ஊத்திட்டுத்தான் வாறன். இண்டைக்கு அந்த மழை அளக்கிற சாமானையே ஆரோ களவெடுத்திட்டாங்க, சேர்!”