இமை கொட்டாத பேரம்

"எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டுவிட்டு 'சரித்திரம்' காத்திருந்தான். எதிரே சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர் வாயைத் திறக்கவில்லை.

தான் எழுதிய வரலாற்றின் முதல் அத்தியாயத்தை இப்போதுதான் அவருக்குப் படித்து முடித்திருந்தான். ஆரம்பிக்கும்போது "ம்... படி" என்றவர்தான், அதற்குப் பிறகு ஒரு முனகல்கூட இல்லை. கண்கள் மட்டும் இமை கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

வாசலில் பெரியவரின் மனைவி, "இப்பத்தான் சாப்பிட்டு உட்கார்ந்தாரு தம்பி, போய்ப் பேசுங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தார். துணைக்கு வேறு யாரும் இல்லை.

சரித்திரம் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். பாதி பயம், பாதி பிரமிப்பு. இந்தப் பார்வையைப் பற்றித்தானே அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறான்!

பெரியவர் ஆரம்பித்தது முதலீட்டு வங்கி. ஆனால் பிஸ்கட் கம்பெனிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். எந்த பிஸ்கட் கம்பெனி கைமாறினாலும் நடுவில் நின்று பேரத்தை முடித்துக் கொடுப்பது இவர்கள்தான். பொன்விழாவுக்கு வங்கியின் வரலாற்றை எழுதும் வேலை விளம்பரப் பிரிவில் கிடந்த இவன் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஆபீஸில் இவன் பெயரே 'சரித்திரம்' என்றாகிவிட்டது. பெரியவர் சரி என்றால் பேரம் பேசும் பிரிவுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவன் ஏங்கிய இடம் அது.

வரலாற்றின் உச்சம் அந்த முதல் பேரம். விற்பவர் சார்பில் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வாங்க வந்தவர்கள் ஒரு விலை சொன்னார்கள். பெரியவர் பார்த்தார். விலையை ஏற்றினார்கள். பார்த்தார். "ஒரு தொழிலாளியைக்கூட வேலையை விட்டு எடுக்கமாட்டோம்" என்றார்கள். அப்போதும் பார்த்தார். கடைசியில் தாங்கள் வந்த காரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வங்கிக்கு மௌனம்தான் மூலதனம். புதிதாகச் சேருகிறவர்களைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். டைரக்டர்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. அதனால் கூட்டம் முடிந்துவிட்டதா இல்லையா என்பதும் யாருக்கும் தெரியாது. பெரிய பேரங்களை எல்லாம் பெரியவர் மதியத்தில்தான் முடித்தார் என்பதைச் சரித்திரம் கண்டுபிடித்து, 'எதிராளி அசரும் நேரம் பார்த்து அடித்த ராஜதந்திரம்' என்று எழுதியிருந்தான்.

"ராஜதந்திரம்னு போட்டது ஜாஸ்தியோ ஐயா? எடுத்துடறேன்."

பார்வை.

"அந்தக் காரையும் எடுத்துடறேன்."

அதே பார்வை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. திரும்பி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"என்னங்க, சரின்னுட்டாரா?"

"பார்க்கறாரு."

"பார்த்தா? நீங்களும் பாருங்க. சம்பளம் குடுத்து அதைத்தானே சொல்லிக்குடுத்தாங்க?"

நியாயமான யோசனைதான். சரித்திரம் நிமிர்ந்து உட்கார்ந்து பெரியவரை முறைத்தான். சுவரிடம் நன்றாகவே வந்த வித்தை இங்கே எடுபடவில்லை. கண்ணில் எரிச்சல் எடுத்துத் தண்ணீர் கொட்டியது. அழுகிறோம் என்று ஐயா நினைத்துவிடுவாரே என்ற பதற்றத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"அட்டையில என் பேரே வேண்டாம் ஐயா."

பெரியவர் அசையவில்லை.

"அத்தியாயமே வேண்டாம், போங்க!" பக்கங்களை நாலாகக் கிழித்தான்.

அதற்கும் அசையவில்லை.

"மாற்றல்கூட வேண்டாம். விளம்பரப் பிரிவுலயே இருந்துக்கறேன்... அதுவும் கூடாதா?"

கூடாது போலிருந்தது. இவர் என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பது சரித்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கிழித்த தாளின் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதி, அவர் மடியில் வைத்தான். உடனே பெரியவரிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. பேரம் படிந்த மூச்சு!

வேலை போய்விட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒற்றை வார்த்தை பேசாமல், தன்னிடம் இருந்த அத்தனையையும் வாங்கிவிட்டாரே! படித்ததும் எழுதியதும் ஒன்றுமே இல்லை, இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு எழுந்தான்.

துணி மூட்டையோடு மாடியிலிருந்து இறங்கிய அம்மாள், தரையில் கிடந்த காகிதங்களையும் அவன் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு தம்பி?"

"ஐயா மாதிரி ஒருத்தர் இனிமே பொறக்கப் போறதில்லம்மா. அப்படியே பார்த்துக்கிட்டே..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அம்மாள் போய்ப் பெரியவரின் முகத்துக்கு நேரே கையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து நழுவிய காகிதத்தை எடுத்து அவனிடமே நீட்டினார்.

"தட்டி எழுப்பியிருக்கக் கூடாதா தம்பி? கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான், மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கிடுவாரு!"